ஆனி ராஸ்: டிரம்பட் வரிசையில் ஒரு குரல்

ஜாஸ் பாடகி ஆனி ராஸை அந்த ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டது பாடுவதற்காக அல்ல, பாடச் சொல்லிக்கொடுப்பதற்காக. 1957-இல் நியூயார்க்கில் டேவ் லாம்பர்ட், ஜான் ஹெண்ட்ரிக்ஸ் என்ற இரண்டு ஜாஸ் பாடகர்கள் ஒரு விபரீத ஆசையோடு அலைந்துகொண்டிருந்தார்கள். பியானோக்காரர் கவுண்ட் பேஸியின் பிக் பேண்ட் (பெரிய ஜாஸ் வாத்தியக் குழு) இசைத்தட்டுகளை எடுத்துக்கொள்வது, அவற்றில் டிரம்பட்டும் டிராம்போனும் சாக்ஸஃபோனும் வாசித்த ஒவ்வொரு சுரத்துக்கும் சொல் வைப்பது, பிறகு முழு பேண்டையும் மனிதக் குரலாலேயே பாடிவிடுவது. ஹெண்ட்ரிக்ஸ் பாட்டு எழுதிவிட்டார். லாம்பர்ட் குரல்களுக்குப் பிரித்து எழுதிவிட்டார். கோரஸ் பாடகர்களையும் சம்பளம் பேசி அழைத்துவந்தாயிற்று. நொட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் பாடக்கூடியவர்கள் அவர்கள். சுருதி பிசகவில்லை, எண்ணிக்கை தவறவில்லை. ஆனால் பேஸி பேண்டின் நடை மட்டும் வரவில்லை.

அந்த நடைக்கு ஜாஸ்காரர்கள் சொல்லும் பெயர் ஸ்விங். தாளத்தை விடாமல், அதே சமயம் அடி விழுந்ததற்கு ஒரு மயிரிழை பின்னால் போய் உட்காரும் சுகம் அது. காகிதத்தில் எழுதிக் காட்ட முடியாது. அதைக் கோரஸுக்குப் பழக்கத்தான் ராஸ் வந்தார். பழக்கிப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் கோரஸை அனுப்பிவிட்டு, மூன்று பேரும் எல்லாக் குரல்களையும் தாங்களே பாடிவிடுவது என்று முடிவெடுத்தார்கள்.

இன்று கைப்பேசியிலேயே பத்து டிராக் போட்டுவிடலாம். அன்றைய முறையில் முதலில் பாடியதை ஓடவிட்டு, அதைக் கேட்டபடியே மேலே மறுபடி பாடி, இரண்டையும் சேர்த்து இன்னொரு டேப்பில் பதிய வேண்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் டேப்பின் இரைச்சல் கூடிக்கொண்டே போகும். மேல் அடுக்கில் ஒருவர் சறுக்கினால் கீழே இருப்பதைப் பிரித்தெடுக்க வழியில்லை. கீழே தாளம் பிடித்தவர்கள் பேஸியின் சொந்த ஆட்கள்: கிதாரில் ஃப்ரெடி கிரீன், பேஸ் வாத்தியத்தில் எடி ஜோன்ஸ், டிரம்ஸில் சானி பெய்ன். பேஸியின் பியானோ இடத்தில் நாட் பியர்ஸ். க்ரீட் டெய்லர் தயாரிப்பில் ஏ.பி.சி. பாராமவுண்ட் வெளியிட்ட 'சிங் எ சாங் ஆஃப் பேஸி' இப்படித்தான் உருவானது. அதற்குப் பிறகுதான் லாம்பர்ட், ஹெண்ட்ரிக்ஸ் & ராஸ் என்ற குழுவே பிறந்தது. இசைத்தட்டு முதலில், குழு பிறகு.

ஐந்து வருடம், 1957 முதல் 1962 வரை. எண்பது வருடத்துக்கு மேல் மேடையிலும் சினிமாவிலும் புழங்கிய ஒருவரின் வாழ்க்கையில் இது சின்னத் துண்டு. ஆனாலும் 2020-இல் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகள் பலவும் அந்த ஐந்து வருடத்தைத்தான் முதலில் பேசின. அந்தக் குழு அவருக்குக் கொடுத்தது அதிகம். அவரிடமிருந்த ஒன்றை மறைத்தும் விட்டது என்பது என் எண்ணம். அது அவருடைய பேனா.

அதைச் சொல்வதற்கு முன் வோக்கலீஸ் பற்றிக் கொஞ்சம். ஜாஸில் ஸ்காட் என்று ஒன்று உண்டு. பொருளில்லாத அசைகளை வைத்துக்கொண்டு அந்த நிமிடத்தில் கற்பனை செய்து பாடுவது. நம் கல்பனாஸ்வரத்தை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்டச் சரியாக வரும். வோக்கலீஸ் அதற்கு நேர் எதிர்த் திசை. ஒருவர் என்றோ கற்பனையில் வாசித்து, இசைத்தட்டில் உறைந்துபோன சோலோவை, ஒரு சுரம் கூட்டாமல் குறைக்காமல் எடுத்துக்கொண்டு சொல் பொருத்துவது. சிட்டைஸ்வரத்துக்குச் சாகித்யம் எழுதுகிற மாதிரி. ஆனால் சிட்டைஸ்வரம் பாடுகிற வாயையும் மனதில் வைத்துக் கட்டப்பட்டது. சாக்ஸஃபோன் சோலோ விரல்களுக்கானது. விரல் ஒரு சாவியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் தூரத்தைத் தொண்டை தாவ வேண்டும். வாத்தியக்காரர் மூச்செடுத்த இடத்தில்தான் பாடுகிறவரும் மூச்செடுக்க முடியும், சொல் பாதியில் நின்றாலும் சரி. டிரம்பட்டின் நாக்கடிக்கு வல்லெழுத்து வேண்டும். இழுத்து நிற்கும் சுரத்துக்கு வாய் திறந்த உயிரெழுத்து வேண்டும். இத்தனைக்கும் நடுவே அர்த்தமும் இருக்க வேண்டும், முடிந்தால் சிரிப்பும் வர வேண்டும்.

இந்த வேலையை முதலில் செய்தவர்களில் ஒருவர் எடி ஜெஃபர்சன். ஜேம்ஸ் மூடி 1949-இல் ஸ்டாக்ஹோமில் வாசித்த ஒரு சாக்ஸஃபோன் சோலோவுக்கு அவர் எழுதிய சொற்களை, கிங் பிளெஷர் என்ற பாடகர் 1952-இல் பிரெஸ்டிஜ் கம்பெனிக்குப் பாடிக்கொடுத்தார். நன்றாக விற்றது. உடனே சிக்கலும் வந்தது. மூடி வாசித்தது தன் கற்பனைதான் என்றாலும், அதற்கு அடியில் இருந்த மெட்டு ஜிம்மி மெக்ஹ்யூ என்ற இசையமைப்பாளருடையது. அவர் வழக்குப் போட்டார். சோலோ வாசித்தவருக்கு உரிமை இல்லை, மூல மெட்டுக்காரருக்கு உண்டு. ஜாஸின் பழைய அநியாயங்களில் இதுவும் ஒன்று.

பிரெஸ்டிஜின் முதலாளி பாப் வைன்ஸ்டாக் கண்ணுக்கு அடுத்த வெற்றியும் இதே வழியில் தெரிந்தது. அந்த வருடமே 22 வயது ராஸிடம் கேட்டார்: இதுபோல உன்னால் எழுத முடியுமா? சில இசைத்தட்டுகள் கைக்கு வந்தன. ராஸ் வீட்டுக்கு எடுத்துப்போனார். மறுநாள் பாட்டோடு திரும்பி வந்தார்.

எடுத்தது டெனர் சாக்ஸஃபோன்காரர் வார்டெல் கிரே 1949-இல் பதிவு செய்த 'ட்விஸ்டெட்'. பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) கொண்ட ப்ளூஸ், வேகமான நடை. 'கோணிப்போனது' என்று அர்த்தம் தரும் அந்தத் தலைப்பிலிருந்துதான் ராஸ் கதையைப் பிடித்தார்: மனநல மருத்துவர் தன்னைப் பைத்தியம் என்கிறாரே என்று ஒரு பெண் தன் தரப்பை அடுக்குகிறாள். நான்தான் தெளிவாக இருக்கிறேன், அவர்தான் குழம்பியிருக்கிறார் என்பது அவள் வாதம். சிறுவயதிலிருந்தே என்னைக் கிறுக்கு என்பார்கள், கிரகாம் பெல்லையும் எடிசனையும் ஐன்ஸ்டைனையும் பார்த்து உலகம் சிரிக்கவில்லையா என்பாள். டபுள் டெக்கர் பஸ்ஸில் ஏறமாட்டேன், மேல்தளத்தில் டிரைவரே இல்லை என்பாள்.

அந்த பஸ் வரி விழும் இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். கிரேயின் சாக்ஸஃபோன் அங்கே மூச்சு விடாமல் சரசரவென்று இறங்கி, சட்டென்று ஒரு இடத்தில் நிற்கிறது. வாத்தியத்தில் கேட்டால் அது சாமர்த்தியமான ஒரு திருப்பம், அவ்வளவுதான். ராஸ் அந்த ஓட்டத்தின் மேல் அவளுடைய படபடப்பை வைத்தார், நிற்கிற இடத்தில் 'டிரைவர் இல்லை' என்ற கண்டுபிடிப்பை வைத்தார். கிரேயின் சுரங்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் இப்போது அவை ஒருத்தியின் மண்டைக்குள் ஓடுகின்றன. பீபாப் என்ற இந்த ஜாஸ் நடை ஏன் அவ்வளவு வேகம் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது: எண்ணம் அப்படித்தானே ஓடும்.

இந்தப் பாட்டுக்கு வழக்கு வரவில்லை. ப்ளூஸின் பன்னிரண்டு பார் கட்டுமானம் யாருக்கும் சொந்தமில்லை. அதன் மேல் இருந்த இசை முழுக்க கிரேயுடையது. பாட்டின் கீழே கிரே, ராஸ் என்று இரண்டே பெயர்கள். அதே சமயத்தில் கிரேயின் குழு பதிவு செய்திருந்த 'ஃபார்மர்ஸ் மார்க்கெட்'டுக்கும் சொல் எழுதினார். அது டிரம்பட்காரர் ஆர்ட் ஃபார்மர் கட்டிய மெட்டு. டவுன் பீட் என்ற ஜாஸ் பத்திரிகை ராஸுக்குப் புதுமுக விருது கொடுத்தது. கிரே 1955-இல் லாஸ் வேகஸ் அருகே பாலைவனத்தில் பிணமாகக் கிடந்தார். வயது 34.

22 வயதில் ஒரே இரவில் இப்படி எழுத எங்கிருந்து வந்தது என்றால், பிள்ளைப் பருவமே மேடைதான். 1930 ஜூலை 25 அன்று லண்டனை ஒட்டிய மிட்சமில் பிறந்தவர். இயற்பெயர் அனபெல் ஷார்ட். பெற்றோர் இருவரும் ஸ்காட்லாந்தின் கேளிக்கை மேடைக் கலைஞர்கள். நான்கு வயதில் நியூயார்க் போய், வானொலிப் போட்டி ஒன்றில் வென்று, எம்.ஜி.எம். சினிமா கம்பெனியின் ஒப்பந்தம் பெற்று, பாடகியான சித்தி எல்லா லோகனின் பொறுப்பில் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். பெற்றோர் ஊர் திரும்பினார்கள். ஏழு வயதில் 'அவர் கேங்' என்ற சிறுவர் நகைச்சுவைத் தொடரின் குறும்படம் ஒன்றில் ஸ்காட்லாந்து நாட்டுப்பாட்டை ஸ்விங் நடையில் பாடினார். 13 வயதுக்குள் நடிகை ஜூடி கார்லாண்டின் தங்கையாக ஒரு படம். 14 வயதில் எழுதிய பாட்டைப் பாடலாசிரியரும் பாடகருமான ஜானி மெர்சர் பாடிப் பதிவு செய்தார். அந்த வயதிலேயே எழுத்தாளர்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஐரோப்பா, பாரிஸ், ஆனி ராஸ் என்ற புதுப் பெயர், டிரம்மர் கென்னி கிளார்க்குடன் வாழ்க்கை, அவர்களுக்கு ஒரு மகன்.

குழுவுக்கு வருவோம். மூவரில் வேலைப் பங்கீடு தெளிவாக இருந்தது. குரல்களை அமைத்தவர் லாம்பர்ட். 1945-லேயே ஜீன் க்ரூபா பேண்டில் பட்டி ஸ்டூவர்ட்டோடு சேர்ந்து பீபாப் நடையில் பாடிப் பதிவு செய்த மூத்த கை. சொல் எழுதியவர் பெரும்பாலும் ஹெண்ட்ரிக்ஸ். அவருக்கு டைம் பத்திரிகை 'ஜைவின் ஜேம்ஸ் ஜாய்ஸ்' என்று பட்டமே கட்டியது; ஜைவ் என்பது ஜாஸ்காரர்களின் கொச்சைப் பேச்சு, ஜாய்ஸ் சொல் விளையாட்டுக்குப் பேர்போன நாவலாசிரியர். ராஸுக்கு விழுந்தது உச்சாணிக் கொம்பு. பேஸி பேண்டில் டிரம்பட் வரிசை பாய்ந்து எழும் இடங்களை அவர்தான் பாட வேண்டும்.

'ஃபியஸ்டா இன் ப்ளூ'வைக் கேட்டால் இது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். பேஸியின் பதிவில் அது பக் கிளேட்டனின் டிரம்பட் முன்னே நிற்கும் உருப்படி. அதை முழுக்க ராஸ் பாடுகிறார். டிரம்பட்டின் வாயில் கிண்ணம் வைத்து ஒலியை அடக்குவார்கள் இல்லையா, அந்த அடங்கிய, மூக்கில் உரசும் ஒலிவரைக்கும் குரலில் கொண்டுவருகிறார். கீழே அவருடைய குரலே இன்னொரு அடுக்கில் பித்தளை வரிசையாக நின்று பதில் சொல்கிறது. ஆனியோடு ஆனி பேசும் மூன்று நிமிடம்.

இசைத்தட்டில் அடுக்கடுக்காகப் பாடியதை மேடையில் மூன்று வாயால் எப்படிச் செய்வது? செய்யவில்லை என்பதுதான் பதில். லாம்பர்ட் எல்லாவற்றையும் மூன்று குரலுக்கு வடிகட்டினார். பின்னால் ஐக் ஐசக்ஸின் மூவர் குழு வாசித்தது. எண்ணிக்கை குறைந்ததும் வேகம் கூடியது. மூவரும் மேடையில் ஒருவர் பேச்சை இன்னொருவர் பிடுங்கிக்கொள்ளும் அரட்டைக் கச்சேரியாக அது மாறியது. பேஸியின் பேண்டோடேயே சேர்ந்து பாடி ஓர் இசைத்தட்டு வந்தது. கொலம்பியா கம்பெனிக்குப் போனார்கள். 'ட்விஸ்டெட்'டை அங்கே மறுபடி பாடினார்கள். ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் உருப்படிகளுக்கென்று ஒரு தட்டு. 'ஹை ஃப்ளையிங்' தட்டுக்கு 1962-இல் சிறந்த குரல் குழுவுக்கான கிராமி விருது. ஒரு கறுப்பர், ஒரு வெள்ளைக்காரர், ஒரு வெள்ளைக்காரப் பெண் என்று மூவரும் ஒரே காரில் ஊர் ஊராகப் போன காலம், அமெரிக்காவின் தெற்கு மாநிலங்கள் பலவற்றில் இவர்கள் ஒரே ஓட்டலில் சாப்பிட முடியாத காலம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஹெண்ட்ரிக்ஸின் பாட்டுகளில் வாத்தியங்கள் ஒவ்வொன்றும் ஒரு பாத்திரமாகும். டிராம்போன் ஒரு பக்கம் முணுமுணுக்கும், டெனர் கதை சொல்லும். சந்தை இரைச்சல் மாதிரி ஒரு செழிப்பு. எனக்கு அது பிடிக்கும், ஆனால் பாட்டு முடிந்ததும் யார் என்ன சொன்னார்கள் என்பது நினைவில் நிற்பதில்லை. ராஸ் எழுதியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒரே ஆள், ஒரே குரல், முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம் வரை. குழுவின் கணக்கில் இந்தத் திறமைக்கு இடம் இல்லாமல் போனது. எழுத ஹெண்ட்ரிக்ஸ் இருக்கிறார், ராஸின் தொண்டை அபூர்வம், ஆகவே நீ பாடு. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. மூன்று பேர் குழுவில் வேலை அப்படித்தான் பிரியும். அமெரிக்காவின் தேசியக் கலை அறக்கட்டளையின் ஜாஸ் மாஸ்டர் கௌரவம் ஹெண்ட்ரிக்ஸுக்கு 1993-இல் வந்தது. ராஸுக்கு 2010-இல்.

ஓயாத பயணம் ஒரு பக்கம், ஹெராயின் இன்னொரு பக்கம். இதைப் பற்றிப் பின்னாளில் அவர் ஒளிக்காமல் பேசியிருக்கிறார். 1962-இல் ஐரோப்பியப் பயணத்தின்போது குழுவை விட்டு லண்டனில் தங்கிவிட்டார். ஆன் மேரி மோஸ் என்ற கனடியப் பாடகி கொஞ்ச நாள் ஈடுகட்டினார். அதன் பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் நம்மூர்ப் பக்கத்துக்காரர்: கொழும்பில் பிறந்த யோலாண்ட் பாவன். ஆஸ்திரேலிய ஜாஸ்காரர் கிரேம் பெல்லின் குழுவோடு பாடிப் பழகியிருந்தவர். ராஸ் ஐந்து வருடமாக ஊறிப்போயிருந்த டிரம்பட் பாகங்களைக் குறுகிய அவகாசத்தில் ஏற்க வேண்டிய நிலை. லாம்பர்ட், ஹெண்ட்ரிக்ஸ் & பாவன் என்று பெயர் மாறிய குழு, பேஸின் ஸ்ட்ரீட் ஈஸ்ட், நியூபோர்ட் விழா, வில்லேஜ் கேட் ஆகிய மூன்று இடங்களில் நேரடியாகப் பதிவான மூன்று தட்டுகளை ஆர்.சி.ஏ. கம்பெனிக்குக் கொடுத்தது. ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் ராஸே மேல் என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். மூலத்தில் டிரம்பட் வாசித்ததை ராஸ் பாடினார். ராஸ் பாடியதைப் பாவன் பாட வேண்டியிருந்தது. நகலின் நகலை உயிரோடு மேடையேற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. 1964-இல் குழு கலைந்தது. 1966-இல் லாம்பர்ட், கனெக்டிகட் நெடுஞ்சாலையோரம் டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது லாரி மோதி இறந்தார். பழைய மூவர் மறுபடி கூடும் வாய்ப்பு அதோடு போனது.

லண்டனில் ராஸ் போதையிலிருந்து மீண்டார். நடிகர் ஷான் லிஞ்சை மணந்தார். 1964-இல் கோவென்ட் கார்டனில் 'ஆனீஸ் ரூம்' என்ற ஜாஸ் கிளப் திறந்தார். நீண்ட நாள் ஓடவில்லை. 1975-இல் மணமுறிவு, சிறிது காலத்தில் லிஞ்ச் கார் விபத்தில் மரணம், வீடும் போய், திவால் அறிவிப்பு. நாடகமும் சினிமாவும்தான் சோறு போட்டன. 1973-இல் வந்த 'தி விக்கர் மேன்' படத்தில் பிரிட் எக்லண்ட் பேசும் வசனம் ராஸின் குரல். டிரம்பட்டுக்குக் குரல் கொடுத்தவர், இப்போது இன்னொரு நடிகையின் முகத்துக்குக் கொடுத்தார். 'சூப்பர்மேன் III'-இல் முகமும் வந்தது, ஆனால் அங்கே கம்ப்யூட்டர் அவரை விழுங்கி இயந்திரமாக்கிவிடும்.

இதற்கிடையே குரல் இறங்கிக்கொண்டிருந்தது. வயது, சிகரெட், வாழ்க்கை. பழைய உச்சங்கள் போய்விட்டன. குழுப் பாடகிகளுக்கு இது பெரிய அடி. அவர்கள் பெயர் பெற்றதே அந்த உச்சத்தில்தான். ஒரே சுரத்தில் பாதி பேச்சாகப் பாட வேண்டிய நிலைக்கு வந்தபோது ராஸுக்குக் கைகொடுத்தது, 22 வயதில் கையிலிருந்த அந்தப் பழைய வித்தைதான். சொல்லை எங்கே நிறுத்தினால் ஆள் தெரிவாள் என்ற கணக்கு. இயக்குநர் ராபர்ட் ஆல்ட்மன் 1993-இல் 'ஷார்ட் கட்ஸ்' படத்தில் அவரை டெஸ் என்ற வயதான கிளப் பாடகியாக நடிக்க வைத்தார். கரகரத்த, விரிசல் விட்ட அந்தக் குரலை ஆல்ட்மன் மெருகேற்றவில்லை, அப்படியே விட்டார். டெஸ் பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே நின்று பாடுவாள், அவளுடைய மகள் செலோ வாசிப்பாள். இருவரும் ஒருவரையொருவர் கேட்பதே இல்லை.

1990-களின் இறுதியில் ஹெண்ட்ரிக்ஸோடு மறுபடி மேடையேறினார். பிறகு பல வருடம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ரூம் என்ற சின்ன கிளப்பில் தொடர்ந்து பாடினார், 2017-இல் அது மூடப்படும்வரை. 2014-இல் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேக்கு அஞ்சலியாக ஒரு தட்டு. 2020 ஜூலை 21 அன்று, 90-ஆவது பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்பு, மன்ஹாட்டன் வீட்டில் இறந்தார்.

'ட்விஸ்டெட்'டை 1973-இல் பெட் மிட்லர் பாடினார். மறு வருடம் ஜோனி மிட்செல் 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்' தட்டின் கடைசிப் பாட்டாக வைத்தார். அந்தத் தட்டின் மற்ற பாட்டுகள் எல்லாம் மிட்செல் தானே எழுதியவை, இது ஒன்றுதான் வெளியாருடையது. அதன் கீழே அச்சானவை இரண்டு பெயர்கள்: வார்டெல் கிரே, ஆனி ராஸ்.